குறைந்த 15 வெள்ளியை எங்கே போடுவது?

2025ஆம் ஆண்டில் பாட்டாளி மக்களைத் தொடும் இரண்டு அறிவிப்புகள் வந்தன. பிப்ரவரி முதல் தேதி குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாக ஏறியது. ஜூலை மாதம் பேங்க் நெகாரா தனது ஓ.பி.ஆர். என்னும் அடிப்படை வட்டியை 3 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காடாக இறக்கியது. முதல் செய்தியைப் பற்றிப் பேசாத தோட்டம் இல்லை. இரண்டாவது செய்தியோ பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்தில் வந்து, அங்கேயே கிடந்தது. "அது பேங் விவகாரம், நமக்கென்னாங்க" என்று பக்கத்தைத் திருப்பியவர்களே அதிகம்.

ஆனால் தோட்டத்துக்கு வெளியே தாமானில் ஒரு மலிவு விலை வீடோ, ஓர் அடுக்குமாடி வீடோ கடனில் வாங்கி, மாசா மாசம் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இன்று நம்மில் நிறைய இருக்கின்றன. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். மகன் தொழிற்சாலையில் வேலை. இரண்டு சம்பளத்தையும் காட்டி வாங்கிய கடன். இந்தக் குடும்பங்களுக்கு அந்தச் செய்தி நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஏறி இறங்கும் வட்டியில் கடன் வாங்கியவர்களின் மாதத் தவணை, ஓ.பி.ஆர். இறங்கினால் பெரும்பாலும் இறங்கும். வங்கியிலிருந்து ஒரு கடிதம் வரும்: இந்த மாதம் முதல் உங்கள் தவணை இவ்வளவு என்று. 1 லட்சம் வெள்ளிக் கடனுக்குக் குறைவது சுமார் 15 வெள்ளி.

பதினைந்து வெள்ளிதானே, ஒரு வேளை மீன் வாங்கினால் தீர்ந்துவிடும் என்பது சரி. அந்தப் பதினைந்து வெள்ளியைத் தொடாதீர்கள் என்று சொல்லத்தான் இன்று இதை எழுதுகிறோம். கடிதம் வந்த பிறகும் பழைய தொகையையே கட்டி வாருங்கள். ஏன் என்று பார்ப்போம்.

நமக்கு வீடு என்பது மற்றவர்களுக்கு இருப்பது போன்ற விஷயம் அல்ல. மூன்று தலைமுறையாக நாம் குடியிருந்த லயத்து வீடு வேலையோடு ஒட்டிப் பிறந்தது. பெயர் செக்ரோலில் இருக்கும் வரைதான் கூரை. வேலை ஓய்ந்தால், தோட்டம் கைமாறினால், காடாகக் கிடந்த நிலம் பட்டணமாக மாறினால், சட்டி பானையோடு வெளியே வர வேண்டியதுதான். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது அதைக் கண்டோம். 1990களில் பிராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில் புத்ராஜெயா எழுந்தபோதும் கண்டோம். அதனால்தான் நம் ஜனங்கள் வயிற்றைக் கட்டியாவது சொந்த வீடு வாங்கத் துடிக்கிறார்கள். அது நியாயமான துடிப்பு.

ஆனால் இதைக் கவனியுங்கள். வங்கிக் கடன் தீராத வீடும் ஒரு விதத்தில் லயத்து வீடுதான். சம்பளம் நின்றால் கூரை ஆட்டம் காணும்.

எப்படி? வீட்டுக் கடனை 35 ஆண்டுக்கு மேல் நீட்டக் கூடாது என்று பேங்க் நெகாரா 2013 ஜூலையில் வரம்பு போட்டது. அதற்கு முன் 40, 45 ஆண்டுக் கடன்கூட கொடுத்தார்கள். வங்கிகள் பொதுவாகக் கடன்காரரின் 70 வயது வரை தவணையை நீட்டுகின்றன. அதே 2013 ஜூலையில்தான் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டமும் நடைமுறைக்கு வந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 35 வயதில் 35 ஆண்டுக் கடன் வாங்கியவருக்குச் சம்பளம் நிற்பது 60இல். தவணை நிற்பது 70இல். நடுவே இருக்கும் 10 ஆண்டு? 120 தவணைகளை யார் கட்டுவது? பிள்ளைகள் கட்டுவார்கள் என்று நம்பலாம். பிள்ளைகளுக்கும் ஒரு வீட்டுக் கடன் இருக்குமே! இல்லையென்றால் சேமநிதியை எடுத்துத்தான் கட்ட வேண்டும். கிழவன் கிழவி சாப்பிட வைத்திருந்த காசு அது.

வங்கியில் சொல்லுவார்கள்: "தவணையை நீட்டினால் மாதம் கட்டுவது குறையும், உங்களுக்கு வசதி." வசதிதான், இல்லை என்று சொல்லவில்லை. நம் சம்பளத்துக்கு நீண்ட தவணை போட்டால்தான் கடனே கிடைக்கும். ஆனால் அதை வங்கி நமக்குக் காட்டிய சலுகை என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

கடன் 1 லட்சம் வெள்ளி. வட்டி ஆண்டுக்கு 4.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 35 ஆண்டு. மாதத் தவணை 473 வெள்ளி 26 காசு. முதல் மாதம் கட்டும் அந்த 473 வெள்ளியில் 375 வெள்ளி வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது வெறும் 98 வெள்ளி. முதல் ஆண்டு முழுக்க நாம் கட்டுவது 5,679 வெள்ளி. கடன் குறைவது 1,204 வெள்ளி. அசல் பாதியாகக் குறைய எத்தனை ஆண்டு ஆகும் தெரியுமா? 23 ஆண்டுக்கு மேல்! 35 ஆண்டும் ஒழுங்காகக் கட்டி முடித்தால் வட்டி மட்டும் 98,700 வெள்ளி. ஒரு வீட்டை வாங்கி, கிட்டத்தட்ட இரண்டு வீட்டுக் காசைக் கொடுக்கிறோம்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. குறைந்துவரும் அசலுக்கு வட்டி போடும் முறையே இப்படித்தான். ஆரம்பத்தில் அசல் பெரிதாக இருப்பதால் வட்டி பெரும்பங்கை விழுங்குகிறது. நமக்குச் சாதகமான இடமும் அங்கேதான் இருக்கிறது. தவணைக்கு மேல் நாம் கட்டும் ஒவ்வொரு வெள்ளியும் முழுசாக அசலில் போய் விழும். அசலில் விழுந்த வெள்ளிக்கு மிச்சமுள்ள அத்தனை ஆண்டும் வட்டி இல்லை.

நாளுக்கு ஒரு வெள்ளி ஒதுக்குங்கள். மாதம் 30 வெள்ளி. மேலே சொன்ன கடனில் முதல் மாதத்திலிருந்தே இந்த 30 வெள்ளியைக் கூட்டிக் கட்டினால், 35 ஆண்டுக் கடன் 30 ஆண்டு 5 மாதத்தில் தீர்ந்துவிடும். நாலரை ஆண்டு மிச்சம். வட்டியில் மிச்சம் சுமார் 15,000 வெள்ளி. 50 வெள்ளி கூட்டினால் ஏறக்குறைய 7 ஆண்டு குறையும்; 22,000 வெள்ளிக்கு மேல் மிச்சம். 83 வெள்ளி கூட்ட முடிந்தால் கடன் 25 ஆண்டில் முடியும். அதாவது 35 வயதுக்காரர் 60 வயதில் கடைசிச் சம்பளத்தையும் வாங்கி, கடைசித் தவணையையும் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். வட்டியில் மிச்சம் 32,000 வெள்ளி. வங்கி நாள் கணக்கில் வட்டி போடுவதால் சில வெள்ளி முன்னே பின்னே இருக்கும். வட்டி விகிதம் மாறினாலும் கணக்கு மாறும். ஆனால் போக்கு இதுதான்.

அந்த 15 வெள்ளிக்கு வருவோம். வட்டி 4.5இலிருந்து 4.25க்கு இறங்கினால் இந்தக் கடனின் தவணை 473 வெள்ளியிலிருந்து 458 வெள்ளியாகும். கடன் வாங்கிய புதிதிலேயே இது நடந்து, நாம் அதைக் கண்டுகொள்ளாமல் பழைய 473 வெள்ளியையே கட்டி வந்தால், வட்டி அதே நிலையில் இருக்கும் வரை, கடன் இரண்டரை ஆண்டு முன்னதாகவே முடியும். 7,600 வெள்ளி மிச்சம். கையை விட்டுப் புதிதாக ஒரு காசும் போகவில்லை. போன மாதம் கட்டியதைத்தானே இந்த மாதமும் கட்டுகிறோம்!

சிலர் கேட்கலாம்: "இப்ப முடியாதுண்ணே, பிள்ளைங்க படிப்பு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்." கஷ்டம் புரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் காலம் கடத்துவது பெரிய நஷ்டம். அதே 30 வெள்ளியை 15 ஆண்டு கழித்து ஆரம்பித்தால், குறைவது 22 மாதந்தான். மிச்சம் 4,000 வெள்ளிதான். இளம் மரத்தில் பட்டையைக் காயப்படுத்தாமல் வெட்டினால் எத்தனை ஆண்டு பால் கிடைக்கும், வெட்டுப்பட்டை தீர்ந்த மரத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று நம் வெட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

2020இல் நடந்தது இதற்கு நேர் மாறானது. கோவிட் காலத்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 6 மாதத் தவணையை ஒத்திவைத்தார்கள். வேலை இழந்தவர்களுக்கு அது உயிர் மூச்சு. ஆனால் அந்த 6 மாதமும் வீட்டுக் கடன் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சம்பளம் குறையாமல் வந்தவர்களும் "சும்மாதானே கிடைக்குது" என்று கட்டாமல் விட்டார்கள். பின்னால் கடனின் நீளத்தைப் பார்த்துச் சங்கத்துக்கு ஓடி வந்தவர்கள் உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். மோட்டார் சைக்கிளும் காரும் தவணையில் வாங்கிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழைய முறையில் மொத்த வட்டியையும் முதலிலேயே கணக்குப் போட்டு, கடனோடு சேர்த்து, மாதத்துக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுவார்கள். அதில் மாதம் பத்து இருபது கூட்டிக் கட்டியும் பலன் கண்டவர் இல்லை. அந்த அனுபவத்தை வைத்து, "கூடக் கட்டினால் பேங்காரனுக்குத்தான் லாபம்" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் கடன் அப்படியல்ல. அது குறையும் அசலுக்குப் போடும் வட்டி.

ஆனால் கூட்டிக் கட்டினால் மட்டும் போதாது. அந்தப் பணம் எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

நம் உறுப்பினர் ஒருவர். மூன்று ஆண்டாக மாதம் 50 வெள்ளி கூட்டிக் கட்டி வந்தார். கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு வந்து, "பாருங்கண்ணே, அசல் அப்படியேதானே இருக்கு?" என்றார். விசாரித்தால், அவர் கூட்டிக் கட்டியதை எல்லாம் வரப்போகும் தவணைக்கு முன்பணம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அசலில் ஒரு காசு கழியவில்லை, வட்டியும் குறையவில்லை. 1,800 வெள்ளி அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. "நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லையே" என்றார்கள். மூன்று ஆண்டாக அவரிடம் பணத்தை வாங்கிய முகப்பில் ஒருவராவது அதைச் சொல்லியிருக்கக் கூடாதா? எழுதிக் கொடுத்த பிறகு அசலில் கழித்தார்கள், அன்றைய தேதியிலிருந்து. போன மூன்று ஆண்டு வட்டி போனதுதான்.

ஆகவே முதலில் உங்கள் கடன் எந்த வகை என்று கேளுங்கள். சாதாரணத் தவணைக் கடன் என்றால், கூடுதல் பணம் அசலுக்கு என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். மலாயில் 'பொக்கோக்' என்றால் மரம் என்று நமக்குத் தெரியும். கடனின் அசலுக்கும் அதே சொல்தான். 'வாங் பொக்கோக்'கைக் குறைக்க என்று கேட்டால் முகப்பில் இருப்பவருக்குப் புரியும். செமி-ஃபிளெக்சி என்னும் வகையில் கூடுதல் பணம் தானாகவே வட்டியைக் குறைக்கும். அவசரத்துக்கு விண்ணப்பம் போட்டு, ஒரு கட்டணம் கட்டி, திரும்ப எடுக்கவும் முடியும். முழு ஃபிளெக்சியில் கடனோடு ஒரு நடப்புக் கணக்கு ஒட்டியிருக்கும். போடலாம், எடுக்கலாம், ஆனால் மாதாமாதம் ஒரு சிறு கட்டணம் பிடிப்பார்கள். நாம் போடுவதே 30 வெள்ளி என்றால் அதில் 5, 10 கட்டணத்துக்குப் போவது புத்தியல்ல.

கடன் பத்திரத்தில் 'லாக்-இன்' காலம் என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டு. அதற்குள் கடனை முழுசாகத் தீர்த்தால் அபராதம் உண்டு. சிறுகச் சிறுகக் கூட்டிக் கட்டுவதற்குப் பொதுவாக அபராதம் இருக்காது; ஆனாலும் உங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை வரும் கணக்குத் தாளைப் பிரிக்காமல் சாமி மாடத்தில் சொருகி வைக்காதீர்கள். போன ஆண்டு அசல் எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று இரண்டு எண்ணைப் பார்த்தாலே போதும். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கொடுங்கள், அல்லது சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள்.

எல்லாருக்கும் இந்த வழி பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. ஆலோங்கிடம் கடன் உள்ளவர், கிரெடிட் கார்டில் ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி கட்டுகிறவர், முதலில் அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். 18 விழுக்காட்டுக் கடனை வைத்துக்கொண்டு நாலரை விழுக்காட்டுக் கடனை அவசரமாக அடைப்பதில் அர்த்தம் இல்லை. அடுத்தது, கையில் இரண்டு மூன்று மாதச் செலவுக்குக் காசு இருக்க வேண்டும். நம் வருமானம் மழையையும் மரத்தையும் பார்த்து வருவது. இலை உதிர் காலத்தில் பால் வற்றும். அடை மழையில் வெட்டு நிற்கும். சாதாரணக் கடனின் அசலில் போட்ட பணம் திரும்பி வராது. எல்லாவற்றையும் வங்கியில் கொட்டிவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் வட்டி முதலையிடம் போய் நிற்பதில் என்ன லாபம்?

அடுத்தது சேமநிதி. இதில் நமக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குக் குறைந்தவர்களின் இ.பி.எஃப். கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அதில் செஜாத்தெரா கணக்கிலிருந்து வீட்டுக் கடனைக் குறைக்கப் பணம் எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக எடுக்க வேண்டுமா? சேமநிதி வாரியம் 2022க்கு 5.35 விழுக்காடும், 2023க்கு 5.5 விழுக்காடும், 2024க்கு 6.3 விழுக்காடும் ஈவு கொடுத்தது. 6 விழுக்காடு சம்பாதிக்கும் பணத்தை எடுத்து நாலரை விழுக்காட்டுக் கடனை அடைப்பது, பால் கறக்கும் மாட்டை விற்று மோர் வாங்குவது போல. தவணை கட்ட முடியாமல் வீடு ஏலத்துக்குப் போகும் நிலை என்றால் அது வேறு பேச்சு. அப்போது வீட்டைக் காப்பாற்றுவதே முக்கியம். மற்றபடி, கூட்டிக் கட்டும் 30 வெள்ளி மாதச் சம்பளத்திலிருந்து வரட்டும். சேமநிதி முதுமைக்கு இருக்கட்டும்.

சம்பளத்தில் எங்கே இருக்கிறது 30 வெள்ளி என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் சுலபமான பதில் இல்லை. 1,700 வெள்ளியில் ஒரு குடும்பம் நடத்துவது எவ்வளவு பாடு என்று சங்கத்துக்குத் தெரியும். சம்பளப் பேச்சுவார்த்தையில் அதைத்தான் ஓயாமல் பேசுகிறோம். ஆனால் 1,500இலிருந்து 1,700க்கு ஏறியபோது கூடுதலாக வந்த 200 வெள்ளி பலருக்கு எங்கே போனது என்றே தெரியவில்லை. தவணை குறையும் மாதம், சம்பளம் ஏறும் மாதம், மோட்டார் சைக்கிள் கடன் முடியும் மாதம் – இந்த மூன்று சமயத்திலும் கையில் புதிதாகக் கொஞ்சம் காசு நிற்கும். செலவு அதை மோப்பம் பிடிப்பதற்கு முன்னே வங்கிக்கு மாற்று உத்தரவு கொடுத்துவிடுவதுதான் ஒரே வழி. கூட்டுப் பிடித்த பழக்கம் நமக்கு உண்டு. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கிய கூட்டம் நாம். சேர்க்கத் தெரியாதவர்கள் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது.

வங்கிகளிடமும் நமக்குக் கேள்வி இருக்கிறது. கூடுதலாக வரும் பணம், கடன்காரர் வேறு மாதிரி சொல்லாத வரை, அசலுக்கே போக வேண்டும் என்று ஏன் விதி செய்யக் கூடாது? இப்போது எழுதிக் கொடுக்கத் தெரிந்தவன் மிச்சம் பிடிக்கிறான். தெரியாதவன் வட்டி கட்டுகிறான். தவணை மாறும் கடிதத்தில், "பழைய தொகையைத் தொடர்ந்து கட்டினால் உங்கள் கடன் இன்ன தேதியில் முடியும்" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? இதற்குச் சட்டம் திருத்த வேண்டியதில்லை. பேங்க் நெகாரா ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். தொழிற்சங்கங்கள் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது.

கடைசியாக, சீக்கிரம் கட்டி முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசித் தவணையோடு வேலை முடிந்துவிடவில்லை. வீட்டுக் கிராண்டின் மேல் வங்கியின் அடமானம் பதிவாகியிருக்கும். கடன் தீர்ந்தது என்று வங்கியிடம் கடிதம் வாங்கி, வழக்கறிஞர் மூலம் நில அலுவலகத்தில் அந்தப் பதிவை நீக்க வேண்டும். அதற்குச் சில நூறு வெள்ளியாவது தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கும்போது எம்.ஆர்.டி.ஏ. காப்புறுதி எடுத்திருந்து, கடன் காலத்துக்கு முன்பே முடிந்திருந்தால், மீதிக் காலத்துக்குக் கொஞ்சம் பணம் திரும்பக் கிடைக்கக்கூடும். கேட்டால்தான் கொடுப்பார்கள். கிராண்டு கைக்கு வந்ததும் அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.